நிலாவின் தரை நம் பக்கத்துக் கல்

பௌர்ணமி நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று குழந்தைகளுக்கு நாம் காட்டும் கருந்திட்டுகள் பசால்ட் பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெருகி ஓடி உறைந்துபோன எரிமலைக் குழம்பு அது. சுற்றிலும் பளிச்சென்று தெரியும் மேட்டு நிலம் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற வெள்ளைப் பாறை. கால்சியமும் அலுமினியமும் மிகுந்தது. பூமியில் பசால்ட்டுக்குப் பஞ்சமே இல்லை, மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அனார்த்தோசைட் அப்படியல்ல. உலகில் சில இடங்களில்தான் பெரிய அளவில் வெளியே தெரியும். அவற்றில் ஒன்று பரமத்திவேலூர் பக்கத்துச் சித்தம்பூண்டி. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை அந்த ஊர் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது.

சந்திரயான்-2 திட்டத்துக்காக லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலா மண் போன்ற மண் வேண்டும் என்று இஸ்ரோ தேடியபோது இந்தக் கல்தான் கைகொடுத்தது. அமெரிக்காவில் கிடைத்த மாதிரி மண் கிலோவுக்குச் சுமார் 150 டாலர். தேவையோ டன் கணக்கில். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையும் திருச்சி என்ஐடியும் துணை நிற்க, சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் எடுத்த பாறையைச் சேலத்து கிரஷர்களில் உடைத்துப் பொடியாக்கி, 50 டன்னுக்கும் மேல் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கூடத்தில் அந்த மண்ணைக் கொட்டி, நிலாவில் வெயில் விழும் சாய்வுக்கும் பிரகாசத்துக்கும் ஏற்ப விளக்குகளை அமைத்தார்கள். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதானே, அதற்காக ரோவரை ஹீலியம் பலூனில் கட்டித் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். இந்த மண்ணைச் செய்யும் முறைக்கு 2020-ல் இஸ்ரோவுக்குக் காப்புரிமை கிடைத்தது.

இந்தச் செய்தியை நம் சேலத்தில் பெருமையாகப் பேசினோம், நியாயமான பெருமைதான். ஆனால் அது அறிவியல் பக்கத்துச் செய்தியாகவே நின்றுவிட்டது. அந்தக் கூடத்தைக் கொஞ்சம் கலைஞரின் கண்ணோடு பாருங்கள். ஓர் ஊரின் கல்லை அள்ளி வேறோர் ஊருக்குக் கொண்டுபோய், இருட்டுக் கூடத்தில் பரப்பி, விளக்குகளைச் சாய்த்து வைத்து, யாரும் நிற்க முடியாத மூன்றாவது ஓர் இடத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். உலகின் பெரிய கலைக்கூடங்களில் அறுபது ஆண்டுகளாக நிறுவல் கலை என்ற பெயரில் நடப்பது இதுதான். விண்வெளியைப் பற்றிய இன்றைய கலை ராக்கெட் படத்திலிருந்து பிறக்கவில்லை, தரையிலிருந்து பிறந்தது என்பது என் எண்ணம். அந்தக் கதையில் சேலத்துக்கு நேரடியான இடம் இருக்கிறது.

கதை அரிசோனாவில் தொடங்குகிறது. அப்போலோ வீரர்களுக்கு நிலாவில் நடக்கப் பழக்க வேண்டும். 1967-ல் ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கு வெளியே, எரிமலைச் சாம்பல் படிந்த சின்டர் லேக் என்ற சமவெளியில், அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் வெடி வைத்து 47 பள்ளங்களை உண்டாக்கினார்கள். நிலாவைச் சுற்றிய ஆய்வுக் கலம் எடுத்த படத்தில் எங்கெங்கே பள்ளம் இருந்ததோ, அதே அமைப்பில். நிலாவின் ஒரு துண்டு அப்படியே பூமியில் நகலெடுக்கப்பட்டது. அதே எரிமலைப் பரப்பில் இருக்கும் ரோடன் என்ற அணைந்த எரிமலையை 1977-ல் ஜேம்ஸ் டரெல் என்ற கலைஞர் வாங்கினார். அதற்குள் சுரங்க வழிகளும் அறைகளும் அமைத்து, வானத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதற்கான கூடமாக அதை மாற்றும் வேலையை இன்றுவரை செய்துகொண்டிருக்கிறார். புவியியலாளர்கள் நிலாவைத் தரைக்குக் கொண்டுவந்த அதே நிலப்பரப்பில் ஒரு கலைஞர் தரையை வானத்தை நோக்கித் திறக்கிறார். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மரமும் வீடும் இல்லாத வெற்று நிலத்தின் அழகைப் பார்க்க அந்தத் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்ததில் நிலாப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நிலத்தையே பொருளாகக் கொண்ட கலை, அதை நிலக்கலை என்று சொல்லலாம், அந்த ஆண்டுகளில்தான் வளர்ந்தது. ராபர்ட் ஸ்மித்சன் 1970-ல் யூட்டாவின் உப்பு ஏரிக்குள் சுருள் வடிவக் கல்பாதை போட்டார். நான்சி ஹோல்ட் அதே மாநிலத்தில் நான்கு பெரிய கான்கிரீட் குழாய்களை 1976-ல் நிறுவி முடித்தார். கோடையிலும் குளிரிலும் சூரியன் திசை திரும்பும் நாள்களில் உதயமும் அஸ்தமனமும் அந்தக் குழாய்களின் நேராக வரும்.

நம் கதைக்கு மிக நெருக்கமானது ஸ்மித்சன் 1968-ல் செய்த வேறொரு வேலை. நியூஜெர்சியின் ஃபிராங்க்ளின் சுரங்கப் பகுதியிலிருந்து கனிமக் கற்களை அள்ளி வந்து, மரத்தொட்டிகளில் போட்டு, கூடவே அந்த இடத்தின் வான்வழி வரைபடத்தையும் கலைக்கூடத்தில் வைத்தார். கல் இங்கே இருக்கிறது, கல்லின் இடம் வேறெங்கோ இருக்கிறது. பார்ப்பவர் மனம் இரண்டுக்கும் நடுவே போய்வர வேண்டும் என்பதுதான் வேலையின் உயிர். பெங்களூர்க் கூடத்தில் இதுவே ஒரு படி கூடுதலாக நடந்தது. கல் சித்தம்பூண்டியினுடையது, கிடக்கும் இடம் பெங்களூர், குறிப்பது நிலாவை. கலை செய்கிறோம் என்ற எண்ணம் பொறியாளர்களுக்கு இருந்திருக்காது. ஆனால் கலைஞர்கள் கேட்கும் அதே கேள்வியை அவர்களும் கேட்டிருக்கிறார்கள்: ஒன்றைப் போலவே இருக்க இன்னொன்றுக்கு எவ்வளவு வேண்டும், எது குறைந்தால் நகல் நகலாகத் தெரிந்துவிடும்?

சித்தம்பூண்டிக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். புதிதாக உடைந்த முகம் சாம்பல் கலந்த வெள்ளையாக, கல்கண்டு உடைந்தது போலப் பொடிப்பொடியாக மினுங்கும். அந்த வெள்ளைதான் கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார், நிலாவின் மேட்டுநிலத்திலும் அதே கனிமம். ஆனால் வெள்ளைக்கு நடுவே கறுப்புக் கோடுகளும் புள்ளிகளும் ஓடுகின்றன. அவை ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம். அதன் கட்டமைப்புக்குள்ளேயே நீரின் கூறு இருக்கிறது. நிலாவிலிருந்து கொண்டுவந்த அனார்த்தோசைட்டில் இந்தக் கறுப்புக் கோட்டைப் பார்க்க முடியாது. பிறந்த விதமும் வேறு. நிலா ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்தபோது, கனம் குறைந்த ஃபெல்ட்ஸ்பார் மேலே மிதந்து வந்து அதன் மேலோடானது. சித்தம்பூண்டிக் கல் 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பூமிக் குழம்பில், தரைக்கு அடியில் அடுக்கடுக்காகப் படிந்து, பிறகு வெந்து நசுங்கி உருமாறியது. பொறியாளருக்கு அந்தக் கறுப்புக் கோடு பொருட்டில்லை, சக்கரம் புதைகிறதா என்பதுதான் அவர் கவலை. கலைஞருக்கு அந்தக் கோட்டில்தான் வேலை இருக்கிறது. நிலாவின் வேடத்தில் நிற்கும் கல்லில் பூமி தன் தண்ணீரால் போட்ட கையெழுத்து அது.

நகலும் மூலமும் என்ற இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் கலைஞர் வியா செல்மின்ஸ். அறுபதுகளின் கடைசியில் நிலாத் தரையின் புகைப்படங்களைப் பார்த்துப் பென்சிலால் அணு அணுவாக வரைந்தவர். அப்புறம் 1977 முதல் 1982 வரை ஒரு வேலை செய்தார். பதினொரு சாதாரணக் கற்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் வெண்கலத்தில் வார்ப்பு எடுத்து, மூலக்கல்லின் ஒவ்வொரு புள்ளியும் கீறலும் வரும்படி அதன்மேல் வண்ணம் தீட்டினார். கல்லும் அதன் நகலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எது எது என்று சொல்வது கடினம். ராக்கெட்டும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஆனால் வேற்றுலகத்துக் கல்லை முதன்முறையாகக் கையில் வாங்கிய ஆராய்ச்சியாளர் எப்படிப் பார்த்திருப்பாரோ, அந்தப் பார்வையை அவர் ஒரு கூழாங்கல்லுக்குக் கொடுக்கிறார்.

நிலாவுக்கே போன கலையும் உண்டு, அதிலும் அனார்த்தோசைட் வருகிறது. 1971 ஆகஸ்டில் அப்போலோ 15 வீரர்கள் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஒரு வெள்ளைக் கல்லைக் கண்டெடுத்தார்கள். ஆதிக்கல் என்ற பொருளில் ஜெனிசிஸ் ராக் என்று பெயர் பெற்ற அது அனார்த்தோசைட்தான். அதே பயணத்தில், பெல்ஜியக் கலைஞர் பால் வான் ஹோய்டாங்க் செய்த, எட்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினிய மனித உருவம் ஒன்றை ஸ்காட் நிலாத் தரையில் வைத்துவிட்டு வந்தார். விண்வெளி முயற்சியில் உயிரிழந்த 14 அமெரிக்க, சோவியத் வீரர்களின் பெயர் பொறித்த தகடு அதன் பக்கத்தில் இருக்கிறது. பின்னால் அந்தச் சிற்பத்தின் பிரதிகளை விற்பது பற்றித் தகராறு எழுந்தது. அதைவிட முக்கியம், ஒரே பயணத்தில் ஒரு கல் பூமிக்கு வந்தது, ஒரு சிற்பம் அங்கே நின்றது.

அப்போலோ 12-ல் நிலாவில் நடந்த ஆலன் பீன் 1981-ல் நாசாவை விட்டு விலகி முழுநேர ஓவியரானார். அவருடைய படங்களில் பொருள் எளிமையானது, தான் பார்த்ததை வரைந்தார். ஆனால் பரப்பைக் கவனிக்க வேண்டும். நிலாவில் தான் பயன்படுத்திய சுத்தியலாலும், நிலாக் காலணியின் அச்சாலும் முதலில் வண்ணப்பூச்சில் தடம் பதித்து, பிறகுதான் வரைவார். தன் விண்வெளி உடையில் தைத்திருந்த சின்னங்களில் நிலாத் தூசி ஒட்டியிருந்ததால், அவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டி ஓவியத்தில் சேர்த்தார். பார்த்ததை வரைந்தால் மட்டும் போதாது, தொட்டதும் படத்தில் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்கு அது மனதைத் தொடுகிறது.

இன்றைய தலைமுறையில் ஸ்காட்லாந்தின் கேட்டி பேட்டர்சன் ஒரு விண்கல்லை உருக்கி, அதே வடிவத்தில் மறுபடி வார்த்து, ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் துணையோடு 2014-ல் அதைத் திரும்ப விண்ணுக்கே அனுப்பினார். இந்தியாவில் டெல்லியைச் சேர்ந்த ரோகினி தேவாஷர், வானத்தைப் பொழுதுபோக்காக நோக்கும் அமெச்சூர்களோடு பல ஆண்டுகள் பழகி, கிரகணங்களைப் பின்தொடர்ந்து, அச்சும் ஓவியமும் வீடியோவும் கலந்து வேலை செய்கிறார். 2024-ல் டாய்ச்ச பேங்க் அவரை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தது. மும்பையின் ஜிதிஷ் கல்லட், தன் தந்தை வாழ்நாளில் கண்ட நிலவுகளை எண்ணி, 22,889 நிலவுகளையும் கடித்த ரொட்டிகளாகப் படம்பிடித்தார். தேய்வதும் வளர்வதும் சாப்பாட்டுத் தட்டில் நடக்கும் அந்த வேலையை நம்மில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெங்களூர்த் தெருவிலும் ஒரு நிலா இருந்தது. 2019 செப்டம்பர் தொடக்கம், சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் நிலாவில் தரையிறங்கச் சில நாள்களே இருந்தன. பாதல் நஞ்சுண்டசாமி என்ற தெருக்கலைஞர், விண்வெளி உடை போட்ட ஒருவரை இரவில் குண்டும் குழியுமான சாலையில் மெல்ல மெல்ல நடக்கவிட்டு வீடியோ எடுத்தார். நிலாவில் நடப்பதாகவே தோன்றும், பக்கத்தில் ஓர் ஆட்டோ கடந்துபோகும்வரை. மாநகராட்சி உடனே குழிகளை மூடியது. அதே நகரத்தின் கூடத்தில் நம் பக்கத்துக் கல் நிலாவாகக் கிடக்கிறது, வெளியே சாலையே நிலாவாகிவிட்டது. அந்த மாதம் 7-ஆம் தேதி விக்ரமின் தொடர்பு அறுந்தது. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 இறங்கியது. பிரக்யான் ரோவர் சுமார் 100 மீட்டர் தூரம் ஊர்ந்து 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அந்த மண்ணில் மேலோங்கி இருப்பது அனார்த்தோசைட் வகைதான் என்று 2024-ல் முடிவு வெளியானது.

சரி, சேலத்தில் என்ன செய்யலாம்? பள்ளி அறிவியல் கண்காட்சியில் தெர்மாகோல் நிலாவும் சார்ட்டில் ராக்கெட்டும் இருக்கட்டும், குழந்தைகளுக்கு அது வேண்டும். வளர்ந்தவர்களின் கலைக்கு இங்கே காலடியிலேயே பொருள் குவிந்து கிடக்கிறது.

கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் குன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னசைட்டைத்தான் இங்கே வெள்ளைக்கல் என்கிறோம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெட்டி எடுத்ததில் பச்சைக்கரும் பாறைக்குள் வலைபோல ஓடும் வெள்ளை நரம்புகள் வெளியே தெரியும். ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் மிகுந்த பாறையில் கரியமிலவாயு கலந்த நீர் ஊறி வெள்ளைக்கல்லாக மாறிய இடம் அது. 2021 பிப்ரவரியில் நாசாவின் பெர்செவரன்ஸ் ரோவர் செவ்வாயின் ஜெசரோ பள்ளத்தில் இறங்கியதற்கு ஒரு காரணம், அங்கேயும் ஆலிவினும் வெள்ளைக்கல்லைப் போன்ற கார்பனேட் கனிமங்களும் சேர்ந்திருப்பதுதான். அங்கேயும் நீர் வேலை செய்திருக்கிறது. ஆக, சேலத்துக்குத் தெற்கே நிலாவின் கல், நகரத்தின் வடமேற்கே செவ்வாயை ஆராய்பவர்கள் தேடும் கல். இந்த இரண்டையும் ஒரே அறையில் வைக்கும் ஒரு கண்காட்சிக்குப் பெரிய செலவே ஆகாது.

அப்புறம் சேர்வராயன் மலை. ஏற்காடு ஏறும் வழியில் வெட்டுமுகங்களில் தெரிவது சார்னோகைட், பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உருவான பாறை. அது இன்று 1,500 மீட்டர் உயரத்தில் காப்பிச் செடிக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் அடியில் நிற்கிறது. மலையுச்சிப் பீடங்களுக்குப் போனால் கல் சிவந்து, ஓட்டை விழுந்து, பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவாகியிருக்கும். சார்னோகைட்டிலும் ஃபெல்ட்ஸ்பார் உண்டு. லட்சக்கணக்கான ஆண்டு மழை அதிலிருந்த மற்றதையெல்லாம் கரைத்துக் கொண்டுபோக, அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்டன. நிலாவிலும் ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறது, அங்கே மழை இல்லை, காற்றில்லை. விண்கற்கள் இடித்து இடித்து அது வெறும் மாவாகியிருக்கிறது. மழை தொட்டால் கல் என்னவாகும், மழையே தொடாவிட்டால் என்னவாகும் என்பதை ஏற்காட்டுச் செம்மண்ணையும் சித்தம்பூண்டிப் பொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே காட்டிவிடலாம். இதைவிட நேரான விண்வெளிக் கலை எனக்குத் தெரியவில்லை.

கல்லைக் கையாளத் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். மாக்கல்லைக் குடைந்து கல்சட்டி செய்பவர்களுக்கு எந்தக் கல் எங்கே விரியும் என்பது தட்டிப் பார்த்தாலே தெரியும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையையும் கல் சங்கிலியையும் பார்த்தவர்கள் இந்த வட்டாரத்துக் கைவேலைக்குச் சான்று கேட்க மாட்டார்கள். நிலத்தையும் நிலாவையும் ஒரே கல்லில் வைப்பதும் புதிதல்ல. நிலதானக் கற்களின் தலையில் சூரியனையும் பிறையையும் செதுக்கி, அவை உள்ளவரை இந்த நிலம் இன்னாருக்கு என்று எழுதுவது பழைய வழக்கம். செல்மின்ஸ் ஐந்து ஆண்டு உழைத்துச் செய்த அந்த இரட்டைக் கற்களை ஒரு கல்சட்டிக்காரரிடம் காட்டி, இளம் கலைஞர் ஒருவர் அவரோடு சேர்ந்து உட்கார்ந்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆசை.

ஒரு விஷயத்தில் மட்டும் அமெரிக்க உதாரணத்தை நாம் அப்படியே எடுக்கக் கூடாது. அங்கே நிலக்கலையின் முதல் தலைமுறை புல்டோசரோடு பாலைவனத்துக்குப் போனது. அந்த நிலத்தின் பழங்குடிகளைப் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. சேர்வராயன் மலை வெற்று நிலம் அல்ல. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. மலையுச்சியில் குகைக் கோயிலாக இருக்கும் சேர்வராயன் சன்னதிக்கு மே மாதத் திருவிழாவில் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் திரண்டு வரும். அங்கே கலைக்காக ஒரு கூடை மண்ணைப் புதிதாக வெட்டுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். வெட்டி முடித்த இடங்களே போதும். ஸ்மித்சன் 1973-ல் இறப்பதற்கு முன் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான், சுரங்க நிறுவனங்கள் தோண்டிக் கைவிட்ட குழிகளைக் கலையால் மீட்பது. யூட்டாவின் பிங்காம் செப்புச் சுரங்கத்துக்கு ஒரு திட்டமே வரைந்தார், நிறைவேறவில்லை. 1979-ல் ராபர்ட் மோரிஸ் வாஷிங்டன் மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு சரளைக் குழியைப் படிப்படியான வட்டரங்கமாக மாற்றிக் காட்டினார். ஆனால் அப்போதே அவர் ஒரு எச்சரிக்கையும் வைத்தார்: நிலத்தை நாசம் செய்தவர்களின் பழியைக் கலை மலிவாகக் கழுவிவிடும் ஆபத்து உண்டு என்று.

வெள்ளைக்கல் குன்றுகளுக்கும் சித்தம்பூண்டிக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். அங்கே கலை வருவதானால், குவாரியில் வேலை பார்த்தவர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் முதல் கூட்டத்திலிருந்தே உட்கார வேண்டும். எந்தக் குழி ஆழம், எதில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், ஆடு மேய எந்த வழி வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.